அளவு குறைந்ததே மாத்திரையால்தான்

"கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கினால் காலம் முழுக்க அதற்கு அடிமை" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் பதறியது. இதையேதான் சொல்லி என் அப்பா அட்டர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தினார். 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 172-லிருந்து 94-க்கு இறங்கியிருந்தது. "எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்றார். எட்டு மாதத்தில் நெஞ்சுவலி, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்டென்ட். நிறுத்தியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் மறுபடி 168.

கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடலே தயாரிக்கிறது. கல்லீரலில் அதற்கு வேண்டிய ஒரு நொதியை, அப்பா சாப்பிட்டது போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் தடுக்கின்றன. அதனால் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் உள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரை நின்றால் சில வாரங்களில் பழைய கதைதான். இதற்குப் பெயர் அடிமைத்தனமா? கண்ணாடி போட்டால் பார்வை தெளிகிறது, கழற்றினால் மங்குகிறது, அவ்வளவுதான்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த சிம்வாஸ்டாட்டின் ஆய்வு 1994-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து எடுத்தவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைவு. இதைப் பற்றி கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

தசைவலி சிலருக்கு வரும், உண்மை. அப்பாவுக்கும் தொடை வலித்தது. மருத்துவரிடம் சொன்னோம், ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறொரு ஸ்டாட்டினுக்கு மாற்றி, குறைந்த அளவில் தொடங்கினார். வலி போய்விட்டது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். உங்கள் கட்டுரையை நம்பி இன்றிரவு யாராவது மாத்திரையைத் தூக்கி எறியக்கூடும்.