எஞ்சின் ஓடினால் அது பாய்ப்படகு இல்லை

பாய்ப்படகுக்கு எஞ்சின் படகுதான் விலக வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் பாயோடு எஞ்சினையும் ஓடவிட்டால்? 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி அப்போது அதுவும் எஞ்சின் படகுதான். மற்றவர்களுக்கு அது தெரிய, முன்பக்கம் நன்றாகப் பார்வைபடும் இடத்தில் கூர் கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பைக் கட்ட வேண்டும். இது 25ஆம் விதி.

முல்லைத்தீவில் வலையை இழுத்தெடுத்துக்கொண்டு மச்சானும் நானும் கரைக்குத் திரும்பியபோது இடப்பக்கமிருந்து ஒரு பாய்ப்படகு வந்தது. பாயைக் கண்டு நாங்கள் விலகினோம். அதுவும் அதே பக்கம் திரும்பியது. கிட்ட வந்த பிறகுதான் பார்த்தோம், பாய் தொய்ந்து கிடக்கிறது, பின்பக்கம் எஞ்சின் தண்ணீரைத் துப்புகிறது. கூம்பு இல்லை. எஞ்சின் ஓடுவதால், எங்களை வலப்பக்கம் காணும் அவர்கள்தான் விலக வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மச்சான் சுக்கானை ஒடித்துத் திருப்பியதால் தப்பினோம்.

இரவில் இன்னும் கவனம் வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாய்மர உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை காட்டும் மூவர்ண விளக்கை அணைத்துவிட வேண்டும். சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள், பின்விளக்கு, அவற்றோடு முன்னோக்கிய வெள்ளைப் பாய்மர விளக்கு எரிய வேண்டும். வாடை மழை மூடினால் ஊதும் ஒலியும் மாறும்: பாயில் ஒரு நீளம் இரண்டு குட்டை, எஞ்சினில் நீளம் ஒன்று மட்டும். தயவுசெய்து இதையும் கட்டுரையில் சேருங்கள்.