பத்து நிமிஷத்தில் மெத்தைக்கு மார்க் போடாதீர்கள்

ஒரு ரிவ்யூக்காரர் ஷோரூமில் பத்து நிமிஷம் ஒரு மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டு மார்க் போட்டாரே, அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்பாக்ஸில் ஆளாளுக்கு அதையே அனுப்பி "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். அதன் கீழே நான் கேட்ட கேள்வியை அவர் நீக்கிவிட்டு, "பொறாமை பிடிச்ச காயர் மெத்தைக்காரர்" என்று எனக்குப் பட்டம் கொடுத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: "நீங்கள் படுத்துப் பார்த்த இடத்தில் ஏசி எத்தனை டிகிரியில் ஓடியது?" இதில் பொறாமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அவர் படுத்துப் பார்த்தது 10 அங்குல ப்ளஷ், அதாவது மெத்தென்று அமுங்குகிற, ஹைப்ரிட் மெத்தை. ஹைப்ரிட் என்றால் இரண்டும் சேர்ந்தது: மேலே மெமரி ஃபோம், கீழே ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங். ஷோரூமில் உட்கார்ந்தார், மல்லாந்து படுத்தார், கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்த வெப்பமானியைத் துணிமேல் காட்டினார், ஓரத்தில் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு நடுவில் குதித்தார். பத்துக்குக் குளிர்ச்சிக்கு 9.5, சொகுசுக்கு 9, முதுகுத் தாங்கலுக்கு 9. மொத்தம் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் ஒரு மெத்தையில் தெரிவது அதன் மேலுறை மட்டும்தான். மேலுறைக்கு மார்க் போட்டுவிட்டு மெத்தைக்குப் போட்டதாகச் சொல்லக் கூடாது.

குளிர்ச்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜனங்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். தொட்டதும் சில்லென்று இருக்கச் செய்ய இரண்டு வழி உண்டு. சூட்டைச் சட்டென்று கடத்தும் நூலில் துணி நெய்யலாம். அல்லது மெழுகு போன்ற ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களாக அடைத்துத் துணியிலோ ஃபோமிலோ சேர்க்கலாம். அந்த மெழுகு உருகும்போது உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கணக்குப் போடுங்கள். தூங்குகிற ஆளின் உடம்பு ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. அதில் 20 வாட் மெத்தைக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்பு படும் இடத்தில் அந்த மெழுகு 100 கிராம் இருந்தால், முழுதும் உருகி முடிக்க அது வாங்கும் வெப்பம் ஏறத்தாழ 20 கிலோஜூல். வினாடிக்கு 20 ஜூல் என்றால் 1000 வினாடி. 17 நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். திரும்பவும் உறைந்து வேலை செய்ய வேண்டுமானால் நீங்கள் எழுந்து போய் அது ஆற வேண்டும். ஜெல் கலந்த ஃபோமும் இப்படித்தான்: முதலில் சூட்டை இழுக்கும், உடம்புச் சூட்டுக்குச் சமமானதும் நின்றுவிடும். பத்து நிமிஷ வீடியோ முழுவதும் அந்த 17 நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு என்ன ஆகும் என்று அந்த 9.5 யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்து ஏசி. மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். அதன் குணமே அது. 22 டிகிரியில் வைத்த ஷோரூமில் நிதானமாக அமுங்கித் தாங்குகிற அதே ஃபோம், 31 டிகிரியில் ஃபேன் மட்டும் சுற்றுகிற படுக்கையறையில் இன்னும் ஆழமாக உள்வாங்கும். ஆழமாகப் போகப் போக ஃபோம் உடம்பின் பக்கவாட்டையும் மூடும், காற்றுப் படும் தோல் குறையும், வியர்வை கூடும். ஸ்பிரிங் வழியாகக் காற்று ஓடும் என்கிறார்களே, அது உண்மைதான். ஆனால் அந்தக் காற்று 3, 4 அங்குல ஃபோமுக்குக் கீழே ஓடுகிறது. அடியில் பிளைவுட் ஸ்டோரேஜ் கட்டில் இருந்தால் கீழ்ப்பக்கமும் அடைபட்டுவிடும். நம் வீடுகளில் பலவற்றில் அந்தக் கட்டில்தான். ஏசி ஷோரூமில் மெத்தையின் குளிர்ச்சியைச் சோதிப்பது, ஐப்பசி மழையில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சித்திரைக்கும் தண்ணீர் போதும் என்று சொல்வது மாதிரி.

சென்னையில் மே மாத ராத்திரிகளில் வெப்பம் 28, 29-க்குக் கீழே இறங்காத நாட்கள் சாதாரணம். கூடவே கடற்காற்றின் ஈரம். இங்கே தூக்கத்தைக் கெடுப்பதில் சூட்டைவிட வெளியேறாத வியர்வைக்குப் பங்கு அதிகம். அந்த வெப்பமானி ஈரத்தைக் காட்டவே காட்டாது. காட்டுகிற கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது: வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர். நீங்கள் தினமும் விரிக்கிற அதே பெட்ஷீட்டை விரித்து, இடுப்புக்குப் பக்கத்தில் ஷீட்டுக்கு அடியில் அதை வையுங்கள். இன்னொன்று அறையில் இருக்கட்டும். படுக்கும்போது, நடுராத்திரி விழிக்கும்போது, விடிகாலையில் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தாலும், உடம்பை ஒட்டிய இடம் 33, 34 டிகிரிக்குச் சூடாவதால் அங்கே 60-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் 75, 80 என்றே நின்றால் மெத்தை உங்கள் வியர்வையை வெளியே விடவில்லை என்று அர்த்தம். அப்போது கையோடு மெத்தைக்கு மேல் போட்ட ப்ரொடெக்டர் உறையைக் கழற்றிவிட்டு மறுநாளும் பாருங்கள். ரெக்சின் மாதிரி ஒட்டுகிற வாட்டர்ப்ரூஃப் உறை போட்டுவிட்டு மெத்தையைத் திட்டுகிறவர்களும் உண்டு.

முதுகுத் தாங்கலுக்கு 9 போட்டாரே, அவர் மல்லாந்து மட்டும்தான் படுத்தார். ப்ளஷ் மெத்தை யாருக்காகச் செய்யப்படுகிறது? ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும். தோளும் இடுப்பும் உள்ளே இறங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். ஒருக்களிக்காமலே அதற்கு எப்படி மார்க் போடுவது?

சோதிக்கிற முறை சுலபம். கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பு, முதுகின் நடு, வால் எலும்பு மூன்றிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். உங்கள் தலையணையோடு ஒருக்களித்துப் படுங்கள். மெத்தை மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பின்னாலிருந்து வீட்டில் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று பொட்டும் ஒரே நேர்கோட்டில், மெத்தைக்கு இணையாக இருந்தால் சரி. வால் எலும்பு கீழே இறங்கியிருந்தால் இடுப்பு மூழ்குகிறது. நடுப்பொட்டு மட்டும் இறங்கித் தொங்கினால் இடுப்பு இறங்கவே இல்லை, மெத்தை உங்களுக்குக் கடினம். படுத்தவுடன் ஒரு படம், அரை மணி கழித்து ஒரு படம். அரை மணிக்குள் ஃபோம் சூடாகி இளகியிருக்கும். இரண்டு படமும் வேறு வேறாக இருப்பதைப் பார்க்கும்போதுதான் பத்து நிமிஷத்தின் மதிப்பு புரியும்.

எடையைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. 55 கிலோ ஆளுக்கு மேகம் மாதிரி இருக்கிற அதே 3 அங்குல ஃபோம், 90 கிலோ ஆளுக்கு இடுப்பின் கீழ் முழுதாக நசுங்கி ஸ்பிரிங் தட்டும். மென்மையான ஃபோமுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஓர் அங்குலமாவது கொஞ்சம் கெட்டியான ஃபோம் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது அதில்தான். கடைக்காரரிடம் கேளுங்கள். "1000 ஸ்பிரிங்" என்று எண்ணிக்கை சொன்னால், எத்தனை அடுக்கைச் சேர்த்து எண்ணினார்கள், கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் கூடினால் கம்பி மெலிது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். அப்புறம் "40 டென்சிட்டி, அதனால் கெட்டி" என்பது தவறு. 40 என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். மென்மையான 40-ம் உண்டு, கெட்டியான 28-ம் உண்டு. டென்சிட்டி சொல்வது எத்தனை காலம் அமுங்காமல் உழைக்கும் என்பதைத்தான்.

"புதுக் கண்டுபிடிப்பு" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். பாக்கெட் ஸ்பிரிங்குக்குக் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் காப்புரிமை வாங்கியது 1900-ல். மெமரி ஃபோம் 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக இருக்கை மெத்தையாக உருவானது. இரண்டையும் சேர்த்து ஒட்டுவது தப்பில்லை, நல்ல யோசனைதான். ஆனால் பழைய பொருள் என்பதால் அதன் குறை நிறை எல்லாமே தெரிந்தவை. அதைச் சொல்ல மனசு வரவேண்டும்.

இப்போது வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"ஒரு வீடியோவுல அவ்வளவுதான் சார் பண்ண முடியும்." சரி. அப்படியானால் "முதல் பார்வை" என்று தலைப்பு வையுங்கள், மார்க் போடாதீர்கள். ஜனங்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் 30,000, 40,000 ரூபாயை இஎம்ஐ-யில் போடுகிறார்கள்.

"லேப்ல டெஸ்ட் பண்ணியிருக்காங்களே." பண்ணுகிறார்கள், நல்ல விஷயம். 109 கிலோ எடையுள்ள அறுகோண உருளையை மெத்தைமேல் ஒரு லட்சம் தடவை உருட்டுகிற அமெரிக்கச் சோதனை முறை இருக்கிறது. அது மெத்தை எவ்வளவு அமுங்கிப்போகிறது என்று காட்டும். உங்கள் தோள் மரத்துப்போகுமா என்று அதற்குத் தெரியாது, உருளைக்கு வியர்க்காது.

"டாக்டர் கெட்டி மெத்தைதான் நல்லதுன்னு சொன்னாரு." இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன், பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. நாள்பட்ட கீழ் முதுகுவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் கோவாக்ஸ் குழு செய்த ஆய்வு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 90 நாளுக்குப் பிறகு, கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஆகவே கெட்டிதான் மருந்து என்பது இல்லை. அதே சமயம் அந்த ஆய்வில் ஜெயித்தது ப்ளஷும் இல்லை. 90 நாள் என்பதைக் கவனியுங்கள். பத்து நிமிஷம் இல்லை.

"நீ காயர் விக்கிறவன்." இதற்குப் பதில் கிடையாது.

"பிடிக்கலைன்னா 100 நாள் ட்ரையல்ல திருப்பிக் கொடுத்துடலாமே." இதைச் சொல்கிறவர்களிடம்தான் எனக்கு வருத்தம் அதிகம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, இடுப்பு வலிக்காரர். மகன் ஆசை ஆசையாகப் ப்ளஷ் மெத்தை வாங்கிப் போட்டார். 16 அங்குலக் கட்டில், மேலே 10 அங்குல மெத்தை. படுத்தால் சுகமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. உள்ளங்கையை ஓரத்தில் ஊன்றுவார், ஓரம் கையோடு உள்ளே போகும், உடம்பு முன்னால் சரியும், கால் தரையைத் தேடும், விரல் நுனிதான் எட்டும். ராத்திரி பாத்ரூம் போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் "அவ்வளவு காசு போட்டு வாங்கினேனே" என்று வருத்தப்படுவான் என்று சொல்லவில்லை. இந்தப் பாட்டி ட்ரையல் நாளுக்குள் ஃபோன் போட்டுத் திருப்பிக் கொடுப்பாரா?

ஓரத்தில் டம்ளரை வைத்துக் குதித்ததற்குப் பதில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்து காட்டியிருக்கலாம். நல்ல ஹைப்ரிட்டில் ஓரத்தைச் சுற்றிக் கெட்டி ஃபோம் சுவரோ, தடித்த கம்பி ஸ்பிரிங் வரிசையோ இருக்கும். இருக்கிறதா என்று உட்கார்ந்தால் தெரியும். வீட்டில் வயதானவர், கர்ப்பிணி இருந்தால் அவரையே கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். அந்த 9 மார்க்கில் இப்படிப்பட்டவர்கள் யாருமே இல்லை. யாருக்காக ரிவ்யூ செய்கிறீர்கள்?

ட்ரையலுக்கும் நிபந்தனை உண்டு. பெரும்பாலும் ஒரு கறை இருந்தாலே திருப்ப முடியாது, அதனால் முதல் நாளே காற்றுப் புகும் ப்ரொடெக்டர் போடுங்கள். சுருட்டி வந்த மெத்தை முழுசாக விரிய இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் தீர்ப்பு சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் படுங்கள், உடம்பும் பழக வேண்டும், ஃபோமும் பழக வேண்டும். வாரண்டி அட்டையில் "பள்ளம்" எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் என்று இருக்கிறதோ அதை முதலில் படியுங்கள். 25-லிருந்து 38 வரை போடுகிறார்கள், அதுவும் ஆள் படுக்காதபோது அளந்தால். மெத்தை வந்த அன்றே குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, ஸ்கேல் வைத்து, தேதி தெரிய ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்தால் மெத்தையை இறக்கித் தரையில் போட்டும் அளந்து பாருங்கள். தரையில் பள்ளம் மறைந்தால் குற்றம் கட்டில் பலகையுடையது.

அந்த வீடியோ போட்டவருக்கு: அதே மெத்தையை ஏசி இல்லாத அறையில் ஒரு மாதம் போட்டு, எடை வேறான இரண்டு பேரைப் படுக்கவைத்து, என்ன வந்தாலும் அப்படியே போடுங்கள். நானே பகிர்கிறேன்.

கமெண்ட்டில் "அப்போ எதை வாங்கலாம்?" என்று கேட்கப் போகிறவர்கள், உங்கள் எடை, எந்தப் பக்கம் படுப்பீர்கள், அறையில் ஏசி உண்டா, கட்டில் பலகையா சட்டமா என்ற நாலையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். அது இல்லாமல் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.