கேட்டால் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்

எங்கள் வன்னி எம்.பி. ஒருவர் நாடாளுமன்றத்தில் பேசிய அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் வந்தது, பழைய மாணவர் குழுவில் வந்தது, கனடாவில் இருக்கிற மச்சான் "பார்த்தியா, எப்படிக் கிழிச்சவர் எண்டு" என்று குரல் பதிவே போட்டிருந்தார். பார்த்தேன். வெட்டி ஒட்டிப் பின்னணி இசை போட்ட துண்டை மட்டுமல்ல, முழு உரையையும் தேடி எடுத்துப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போக்குவரத்து அமைச்சின் செலவினத் தலைப்பு, அதாவது அந்த அமைச்சுக்கு ஒதுக்குகிற பணம், மீதான குழுநிலை விவாதம் அது. வரவு செலவுத் திட்டத்தோடு வருடத்தில் ஒருமுறை வருகிற நாள். அமைச்சர் முன்னால் இருக்கிறார். அமைச்சின் பெரிய அதிகாரிகளும் சபைக்கு வந்து, எம்.பி.மார் சொல்வதைக் குறித்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்படியொரு நாளில் எங்கள் பிரதிநிதிக்குக் கிடைத்த நிமிடங்களில் முக்கால்வாசி மற்றக் கட்சிக்காரரைத் திட்டுவதிலேயே போய்விட்டது. யார் யாரைக் காட்டிக் கொடுத்தது, யார் எந்த அனுமதிப்பத்திரம் வாங்கியது, யார் யாருடைய வீட்டில் சாப்பிட்டது. நேரம் முடிகிறது என்று தலைமை தாங்கியவர் சொன்ன பிறகு, "வன்னியில் பஸ் இல்லை, வீதி இல்லை, எங்கள் மக்கள் கஷ்டப்படுகிறார்கள், அமைச்சர் கவனத்தில் எடுக்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அமைச்சரும் தன் பதிலுரையில் வடக்குப் பிரச்சினைகளைப் பார்ப்பதாக ஒரு வரி சொன்னார். அவ்வளவுதான். இதற்குத்தான் "கர்ஜனை" என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். பதில் எங்கே?

"மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்பது கேள்வி அல்ல. அதற்கு எந்த அமைச்சராலும், எந்த அரசாங்கத்தாலும் "பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போக முடியும். இப்படிக் கேட்டிருந்தால்? வவுனியா, மன்னார், முல்லைத்தீவு சாலைகளில், அதாவது டிப்போக்களில், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றில் இன்று ஓடக்கூடிய நிலையில் இருப்பவை எத்தனை, சாரதி, நடத்துனர் வெற்றிடம் எத்தனை, கடந்த வருடம் நேர அட்டவணையில் இருந்தும் ஓடாமல் விட்ட சேவைகள் எத்தனை, எந்தெந்தப் பாதையில். இதற்குப் பார்க்கிறோம் என்று சொல்ல ஏலாது. எண்ணிக்கையோடுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் தெரியாது என்று சபையில் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சபைப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறும்.

இன்னொன்றையும் கேட்டிருக்கலாம். வருமானம் குறைந்த கிராமப் பாதைகளில் பஸ் ஓட்டுவதற்கென்று திறைசேரி இ.போ.ச.வுக்குப் பணம் கொடுக்கிறது. மாணவர்களின் சீசன் ரிக்கெற்றுக்கும் அரசாங்கம்தான் மிச்சத்தைக் கட்டுகிறது. அப்படியானால் வன்னியில் எந்தெந்தப் பாதைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அந்தப் பாதைகளில் உண்மையாகவே பஸ் ஓடுகிறதா? செலவினத் தலைப்பு விவாதம் என்பதே அந்தப் பணத்தைப் பற்றிய விவாதம்தானே. அன்றைக்குக் கேட்காமல் வேறு எப்போது கேட்பது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தச் சாலை என்று எழுதவில்லை. எழுதினால் வேலை செய்கிற பாவப்பட்ட ஆளின் தலையில்தான் விடியும். எங்கள் ஊர் ஏ9 நெடுஞ்சாலையிலிருந்து நன்றாக உள்ளே. பின்னேரம் வருகிற சீரிபி பஸ் (இ.போ.ச.வை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கோயிலடியில் இரவு தங்கி, விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடும். ஆகவே இரவு பஸ் வந்து தங்கினால்தான் அடுத்த நாள் காலையில் பஸ். என் அம்மாவுக்கு மாதாமாதம் கிளினிக். அதற்கு முதல் நாள் இரவு, சாப்பிட முதலே, அக்காவின் பெடியனைக் கூப்பிட்டு "ஓடிப்போய்ப் பார் ராசா, பஸ் நிக்குதோ எண்டு" என்பா. அவன் சைக்கிளில் போய் வந்து "நிக்குது அம்மம்மா" என்றால் கிளினிக் கொப்பியும் தண்ணிப் போத்தலும் பைக்குள் போகும். "இல்லை" என்றால் ஓட்டோத் தம்பிக்கு போன். முட்டை வித்துச் சேர்த்த காசு ஏ9 க்கு ஏறுவதற்குள்ளேயே முடிந்துவிடும். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் வெள்ளன நம்பர் எடுத்தவர்களெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

முதலில் ஒன்றுவிட்ட ஒருநாள் பஸ் வராமல் விட்டது. பிறகு ரயர் இல்லை என்றார்கள், பிறகு சாரதி லீவு என்றார்கள், பிறகு கேட்கிறதையே சனம் விட்டுவிட்டது. நான் விடவில்லை, நேரக்கணிப்பாளரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிசன். சத்தம் போடவில்லை, தன் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். பாதை, நேரம், பஸ் இலக்கம் எல்லாம் கோடு போட்டு நீல மையில் எழுதியிருந்தது, ஓடாத சேவைக்கு நேரே சிவப்பில் "இல்லை". ஒரு பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே மேலிருந்து கீழ் வரைக்கும் சிவப்புத்தான். "தம்பி, நான் எழுதத்தான் ஏலும். மேல கேக்கச் சொல்லுங்கோ" என்றார்.

விளங்குகிறதா? தகவல் இருக்கிறது. கொழும்பில் போய்த் தேட வேண்டியதில்லை, சாலையில் கொப்பியில் இருக்கிறது. மேலே கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிவப்புக் கோடுகளைக் கூட்டிச் சொல் என்று சபையில் ஒரு கேள்வி போட்டால் அமைச்சு சாலை முகாமையாளரிடம் கேட்டே ஆக வேண்டும், முகாமையாளர் அந்தக் கொப்பியைத் திறந்தே ஆக வேண்டும். அம்மா போன்ற சனத்துக்கு நாடாளுமன்றம் என்பது அந்தக் கொப்பியைத் திறக்க வைக்கிற இடம். கத்துகிற இடம் அல்ல.

இனி வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"எதிர்க்கட்சி எம்.பி. என்ன செய்யிறது, அரசாங்கத்திட்ட 159 ஆசனம் இருக்கு" என்பீர்கள். சரி, வாக்கெடுப்பில் ஒன்றும் செய்ய ஏலாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்பதற்குப் பெரும்பான்மை தேவையில்லையே. வாய்மூல விடைக்கான வினா என்று ஒன்று இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அமைச்சர் அவகாசம் கேட்டால் அந்தக் கேள்வி திரும்ப வரும். பதில் சொன்னால் அதிலிருந்து மேலதிகக் கேள்வி கேட்கலாம். ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை இருக்கிறது, அமைச்சுசார் ஆலோசனைக் குழு இருக்கிறது. இவ்வளவும் 225 பேருக்கும் பொதுவான வழிகள். அதோடு வன்னியின் ஆறு எம்.பி.மாரில் இரண்டு பேர் ஆளும் தரப்பு. அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஆளும் கட்சியில் இருந்தால் வாய் திறக்கக் கூடாது என்று நாடாளுமன்ற விதிகளான நிலையியற் கட்டளைகள் எதிலும் இல்லை.

"இது மாகாண விடயம்" என்று இன்னொருவர் வருவார். வடக்கு மாகாண சபை 2013 இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. மாகாணத்துக்குள் ஓடுகிற தனியார் பஸ் மாகாண அதிகார சபையின் பொறுப்பு, மாகாணம் கடந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, சீரிபி மத்திய அமைச்சு. வீதியும் அப்படித்தான். ஏ, பி தர வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதற்குக் கீழே மாகாணத் திணைக்களம், அதற்கும் கீழே பிரதேச சபை. இதில் மாகாணப் பங்குக்கு நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவரும் இன்றைக்குக் கதிரையில் இல்லை. அப்படியிருக்க நாடாளுமன்றத்திலும் கேட்காவிட்டால் எங்கே போய்க் கேட்பது? மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலா? அங்கே நடக்கிற கூத்தைத்தான் நேரலையில் பார்க்கிறோமே.

தகவல் அறியும் சட்டம் இருக்கிறது, நீயே கேள் என்று ஒரு தம்பி போன முறை எழுதியிருந்தார். 2016 ஆம் ஆண்டுச் சட்டம், நல்ல சட்டம், கேட்பேன். ஆனால் எனக்கு வருகிற கடிதம் என் அலுமாரியில் இருக்கும். சபையில் சொல்கிற பதில் அமைச்சரைக் கட்டும்.

அடுத்ததுதான் என்னை உண்மையாகவே நோகடிக்கிறது. "இனத்தின்ர உரிமையைப் பற்றிக் கதைக்கேக்க நீர் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கிறீர்." இதை எழுதுகிறவர்களில் பலர் இங்கே இல்லை. இருக்கிறவர்களில் பலரிடம் சொந்த வாகனம் இருக்கிறது. 2017 இலிருந்து வீதியோரக் கொட்டகைகளில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படத்தோடு இருக்கிற தாய்மார் அங்கே எப்படி வருகிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? பஸ்ஸில்தான் வருகிறார்கள். படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடமில்லாவிட்டால் நின்றுகொண்டு வருகிறார்கள். காணிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலைகிற சனமும் பஸ்ஸில்தான் போகிறது. உரிமையை ஒரு பக்கமும் பஸ்ஸை மறுபக்கமும் வைத்து எதைப் பெரிதென்கிறாய் என்று கேட்கிற நீங்கள் அந்தத் தாய்மாரின் பக்கத்தில் ஒருதரம் ஏறிப் பாருங்கள். முப்பது வருடச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த இந்தச் சனத்திடம், இன்னும் கொஞ்சம் பொறு, முதலில் பெரிய பிரச்சினை முடியட்டும் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

அண்ணை, உங்களைத்தான், நேற்று எனக்கு உள்பெட்டியில் "யாரிட்ட காசு வாங்கின நீ" என்று கேட்டவர். நான் யாருடைய ஆளும் இல்லை. அந்த எம்.பி.க்கு வாக்குப் போட்ட குடும்பம் எங்களுடையது. வாக்குப் போட்டதால்தான் கேட்கிறேன். போடாதவன் ஏன் கவலைப்படப் போகிறான்?

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். சீசன் ரிக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்குதுகள். சீரிபி வராவிட்டால் தனியாருக்கு அந்த ரிக்கெற் செல்லாது, காசு குடுக்க வேண்டும். காசில்லாத பிள்ளை வீட்டுக்குத் திரும்பி நடக்கும். க.பொ.த. சாதாரண தரத்தில் வன்னி பின்னுக்கு நிற்கிறது என்று மேடையில் அழுகிறவர்கள் முதல் பாடத்துக்கு யார் யார் வகுப்பில் இருந்தார்கள் என்று ஒருநாள் இடாப்பைப் பார்க்கட்டும். அதோடு வடக்குப் பாதையில் இன்னும் காவலாளி இல்லாத புகையிரதக் கடவைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அனுதாப அறிக்கை வருகிறது. எந்தக் கடவைக்கு எப்போது கேற் போடுவீர்கள் என்று திகதி கேட்டு வாங்கி எங்களுக்குக் காட்டியவர் யார்?

பெயரும் தொகையும் எழுத்தில் விழுந்தால் வித்தியாசம் தெரியும். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தைப் பற்றி எத்தனை வருடம் எத்தனை பேர் பொதுவாக அழுதார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பாலத்தின் பெயரும் 1,000 மில்லியன் ரூபாவும் அச்சில் வந்தது. வந்த பிறகு யாரும் அதைக் குறித்து வேலை எங்கே, எவ்வளவு செலவழிந்தது, எப்போது முடியும் என்று கேட்கலாம். பாலத்துக்கு முடியுமென்றால் எங்கள் கோயிலடி பஸ்ஸுக்கும் முடியும். கேட்கிற முறையில் கேட்க வேண்டும்.

மேலே எழுதிய கேள்விகளை ஒரு தாளில் ஒழுங்காக எழுதி ஆறு பேரின் அலுவலகத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால் அந்தப் பக்கத்து ஆக்கள் உங்கள் எம்.பி.மாரிடம் கொடுங்கள், தாளை நான் அனுப்புகிறேன். உங்கள் ஊருக்கு ஓடாமல் விட்ட பஸ் இருந்தால் பாதை, வெளிக்கிடும் நேரம், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்பதை மட்டும் கீழே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன். கட்சிச் சண்டை எழுதினால் அழித்துவிடுவேன்.