சுட்ட மண் நிறம் கேட்டால் சுவரெல்லாம் திட்டுத்திட்டாக

சேலத்தில் டெரகோட்டா நிறம் கேட்டால் முக்கால்வாசி இடத்தில் ஒரே கூத்துதான். பட்டி பார்த்து, வெள்ளை பிரைமர் ஒரு கோட், அதன்மேல் நேராக டெரகோட்டா இரண்டு கோட், வேலை முடிந்தது என்று பெயிண்டர்கள் கிளம்பிவிடுகிறார்கள். சாயங்காலம் பக்கவாட்டில் வெயில் விழும்போது பாருங்கள், ரோலர் போன தடம் அத்தனையும் தெரியும்.

அடர்ந்த நிறத்துக்கு ஊற்றுகிற பேஸில், அதாவது நிறம் கலக்கும் முன் இருக்கும் அடிப்படை பெயிண்டில், வெள்ளை நிறமி மிகக் குறைவு. அதனால் அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. பிரைமரிலேயே கொஞ்சம் காவி கலக்கச் சொல்லுங்கள். பிறகு 3 கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 4 மணி நேரம். 10க்கு 10 அடி சுவருக்கு இரண்டரை லிட்டராவது பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் சேராது. நடுச்சுவரில் டச்சப் வேண்டவே வேண்டாம், மூலையிலிருந்து மூலைவரை முழுசாக அடிக்க வேண்டும்.

ஏற்காட்டில் இன்னும் கொடுமை. பனிமூட்டத்தில் ஈரம் காயாத சுவரில் அடித்தால் உப்பு பூக்கும். வெளிர் நிறத்தில் மறைகிற அந்த வெள்ளைப் பொடி, செம்மண் நிறத்தில் சுண்ணாம்பு கொட்டியதுபோலப் பளிச்சென்று தெரிகிறது. புதுப் பூச்சென்றால் 28 நாளாவது காயவிடுங்கள்.

அப்புறம் அந்த 6500கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை லைட்! அதில் இந்த நிறம் செத்த பழுப்பாகிவிடும். 3000கே மஞ்சள் பல்பு மாட்டுங்கள்.