வலுவிழந்த கைக்கு எந்தத் துப்பாக்கி?

நேற்றுக் காலை தம்பி மகன் பெங்களூருவிலிருந்து பேசினான். "அத்தை, மாமாவின் ரிவால்வர் உங்கள் கைக்கு மிகவும் கனம். அதைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக, லேசாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்கென்றே செய்கிறார்களாமே" என்றான். அக்கறையில்தான் சொன்னான். ஆனால் இதே யோசனையை இந்த இரண்டு ஆண்டுகளில் உறவுக்காரர், பக்கத்துத் தோப்புக்காரர், துப்பாக்கிக் கடைக்காரர் என்று பலரும் சொல்லிக் கேட்டுவிட்டேன். ஒருவராவது என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. யோசனையும் தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்துக்கு அப்பால் மாந்தோப்புக்குள் இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு இல்லை. என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நம் அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில் செய்த, .32 தோட்டா அளவுள்ள ரிவால்வர் ஒன்றை உரிமத்தோடு வைத்திருந்தார். அவர் மறைந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம், விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் என்று எல்லாம் முடிந்து அது என் பெயருக்கு வந்தது. (உரிமம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி: இறந்த பிறகுதான் வாரிசுக்கு மாற்ற முடியும் என்றில்லை. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலும், துப்பாக்கி 25 ஆண்டுகள் அவரிடம் இருந்தாலும் வாரிசு விண்ணப்பிக்கலாம். கை தளர்ந்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.)

இனி என் கை. 31 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை. ஏழு ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. களி கிண்ட முடியாது. எங்கள் பக்கத்தில் கைவலுவைச் சொல்ல இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை. கேழ்வரகு மாவு இறுகி வரும் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் துடுப்பை அழுத்திச் சுழற்ற, விரல், மணிக்கட்டு, தோள் எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். எனக்கு மணிக்கட்டிலேயே நின்றுவிடுகிறது. இயன்முறை மருத்துவர் பிடிவலுமானியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலது கை 11 கிலோ, இடது கை 9. ஆசியப் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனாலே வலுக்குறைவு என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் "லேசானது வாங்கு" என்ற யோசனையைப் பார்க்கிறேன்.

2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலையிலிருந்து 'நிர்பீக்' வந்தபோது நாடே பேசியது. 2012இல் டில்லியில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த 'நிர்பயா'வின் நினைவாகப் பெயர் வைத்து, பெண்களுக்கான ரிவால்வர் என்று சொன்னார்கள். டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை, .32 தோட்டா, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். கைப்பையில் வைத்துக்கொள்ள எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமப்பது வேறு வேலை, சுடுவது வேறு வேலை. தோட்டா ஒன்றாக இருக்கும்போது அது பின்னால் கொடுக்கும் தள்ளுதல் மாறுவதில்லை. அந்தத் தள்ளுதலை வாங்கும் இரும்பு குறைந்தால் கைக்கு வரும் உதை கூடும். என் கணவரின் ரிவால்வர் ஏறத்தாழ 700 கிராம். அதே தோட்டாவை 500 கிராம் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதையின் ஆற்றல் 1.4 மடங்காகிறது. ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திய பாடம்தான் இது. நல்ல கைக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கிய கைக்கு, அந்த மூட்டில்தான் மொத்தமும் வந்து இறங்கும்.

பிடி சின்னதாக இருப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. மூன்று விரல் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் பிடிக்கிறது, சுண்டுவிரல் காற்றில் தொங்குகிறது. வலு குறைந்த கைக்கு ஒரு விரல்கூட வீணாகக் கூடாது. பிடி உள்ளங்கை நிறைய இருந்தால் உதையும் பரவலாக வாங்கப்படும்.

ஆனால் உதையைவிடப் பெரிய விஷயம் விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகர். ரிவால்வரில் சுத்தியலை (தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைக் கொடுக்கும் பகுதி) பின்னுக்கு ஏற்றாமல் நேராக விசையை இழுத்தால், அந்த ஒரே இழுப்பு சுத்தியலையும் தூக்க வேண்டும், தோட்டா உருளையையும் சுற்ற வேண்டும். இதற்குப் பொதுவாக ஐந்து கிலோ அளவுக்கு இழுவிசை தேவைப்படும். அரைக் கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போல் பத்து மடங்கு பலத்தோடு விசையை ஒரே விரலால் இழுக்க வேண்டும். குழல் எங்கே பார்க்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

துப்பாக்கி சுடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் எதைப் பிடிக்கிறார்கள்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் விதியில், துப்பாக்கி 1,500 கிராம் வரை இருக்கலாம், விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. கனமான துப்பாக்கி, மெல்லிய விசை. உலகத்திலேயே உறுதியான கைகளுக்கு அந்த வசதி. வாதம் வந்த கைக்கோ அரைக் கிலோத் துப்பாக்கியும் ஐந்து கிலோ விசையும். தற்காப்புத் துப்பாக்கியில் அரைக் கிலோ விசை கூடாது, தவறுதலாக வெடிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை அந்த விதி காட்டுகிறது.

பிஸ்டலுக்கு வருகிறேன். இதில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இல்லாமல், பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியில் இருக்கும். முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். வேறு மாவட்டத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் .32 பிஸ்டல் ஒன்றைக் காலியாக்கி, இரண்டு முறை காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். "மேல்பகுதியைப் பின்னால் இழுங்கள் அம்மா" என்றார். இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து இழுத்தேன். கால் அங்குலம் வந்து, விரலிலிருந்து நழுவித் திரும்ப ஓடிவிட்டது. மறுபடி முயன்றேன். சுட்டுவிரல் மூட்டில் ஊசி குத்தியது போல் வலி. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். சரியாகாது. இந்த வகைச் சிறிய பிஸ்டல்களில் வெடிக்கும் நேரத்தில் பின்பகுதியைப் பூட்டிவைக்கும் அமைப்பு கிடையாது. மேல்பகுதியின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே அதைத் தாங்க வேண்டும். அதனால் பிஸ்டல் சிறிதாகச் சிறிதாக ஸ்பிரிங் கடினமாகத்தான் இருக்கும். என் பழக்கத்துக்காக அது இளகாது.

கிள்ளி இழுப்பதற்குப் பதில், இடது உள்ளங்கையால் மேல்பகுதியை முழுக்க மூடிப் பிடித்து, அதை அசைக்காமல் வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்று பின்னர் பயிற்சியாளர் காட்டினார். அப்போது தோள் வேலை செய்கிறது, விரல் தப்பிக்கிறது. சுத்தியல் வெளியே உள்ள பிஸ்டலானால் முதலில் சுத்தியலைப் பின்னுக்கு ஏற்றிவிட்டால் இறுக்கம் ஓரளவு குறையும். நடுத்தர வலு உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் போதும். எனக்கு மாலையில் முடிந்தது, காலையில் முடியவில்லை. திருடன் நேரம் பார்த்து வருவதில்லை. தவிர, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலை மணிக்கட்டு தளர்ந்த கையில் சுட்டால், அந்தத் தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளலாம். ரிவால்வரில் அந்தக் கவலை இல்லை. மேகசினில் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்புவது தனி வேதனை.

அமெரிக்காவில் 2018இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 'ஈஸி' என்றே பெயர் வைத்து, மேல்பகுதி லேசாக நகரும்படி, மேகசின் நிரப்பப் பக்கவாட்டில் பொத்தான் வைத்து ஒரு பிஸ்டல் கொண்டுவந்தது. 2020இல் 9 மி.மீ. தோட்டாவுக்கும் செய்தார்கள். இத்தாலியின் பெரெட்டா, குழலின் பின்முனையை மேலே தூக்கி முதல் தோட்டாவை நேராக வைத்து மூடும் சிறு பிஸ்டல்களை வெகு காலமாகச் செய்கிறது. மேல்பகுதியை இழுக்கவே வேண்டாம். முதியவர்களின் கையை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று பார்க்கவே நிறைவாக இருக்கிறது. நமக்கு இவை எட்டாது. 9 மி.மீ. நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு, வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கும் பொதுமக்களுக்கு வழியில்லை.

ஆகவே நமக்கு முன்னால் இருப்பது ரிவால்வர்தான். என் கணவருடையது பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர் முறையில் நடுவில் மடியும் வகை. சுத்தியலுக்கு அருகில் உள்ள தாழைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைக் கீழே மடித்தால், காலித் தோட்டாக்கள் தாமே எழும்பி வெளியே வந்துவிடும். அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தாழ் இறுக்கமானது. நான் வலது கையில் பிடித்துக்கொண்டு, தாழை இடது கையின் கட்டைவிரலால் தள்ளி, குழலைத் தொடைமேல் வைத்து அழுத்தித் திறக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, வேலை நடக்கிறது. 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து வந்த 'பிரபல்' ரிவால்வர், உருளை பக்கவாட்டில் விலகித் திறக்கும் வகை. எடை அதே 700 கிராம், குழல் 76 மி.மீ. விசையை இழுப்பது எளிது என்று சொல்கிறார்கள். பத்தாண்டுகளில் அவர்களும் எடையைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதை என் தம்பி மகன் கவனிக்க வேண்டும்.

என் சுட்டுவிரலால் பழைய ரிவால்வரின் நேர் இழுப்பை இரண்டு முறை இழுக்க முடிகிறது. மூன்றாவதில் விரல் நடுங்குகிறது. அதனால் சுத்தியலை முன்கூட்டியே ஏற்றிச் சுடப் பழகினேன். வலது கட்டைவிரல் மடங்காது. இடது கட்டைவிரல் இன்னும் சொன்னபடி கேட்கிறது, அதனால் ஏற்றுகிறேன். பிறகு விசை மெல்லத் தொட்டாலே போதும். இதில் ஓர் ஆபத்து உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஏற்றிய சுத்தியலைச் சுடாமல் கீழே இறக்குவது வலு குறைந்த கட்டைவிரலுக்குச் சோதனை. வழுக்கினால் குண்டு போய்விடும். ஆகவே சுடத்தான் வேண்டும் என்ற நிலை வரும்வரை ஏற்றக் கூடாது. காலித் துப்பாக்கியில், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, வாரம் மூன்று நாள் மாலை பத்து நிமிடம் பழகுகிறேன்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் பொதுவாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். 2024இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்பே ஒப்படைத்தது, ஜூன் 4 எண்ணிக்கை முடியும் வரை வீட்டில் துப்பாக்கி இல்லை. அப்போது தோப்பைக் காத்தவை வேலியோரம் போட்ட விளக்குகளும் இரண்டு நாய்களும்தான். கை வலுவில்லாதவர்கள் முதல் பணத்தை அதில் போடுங்கள்.

அதற்குப் பிறகும் துப்பாக்கி தேவை என்றால், கடைக்குக் காலையில் போங்கள், விரல்கள் இறுகியிருக்கும்போதே. காலித் துப்பாக்கியைக் கடைக்காரரே திறந்து காட்டிய பிறகு, விசையைத் தொடர்ந்து ஆறு முறை இழுங்கள். நீங்களே திறந்து மூடுங்கள். மகனோ கணவரோ உங்களுக்காக இழுத்துப் பார்த்து "எளிதுதான்" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

'பிரபல்' நான் இன்னும் கையில் எடுக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாரிடமாவது இருந்தால், அதுவும் வாதம் வந்த கையோடு பழகியவராக இருந்தால், கீழே எழுதுங்கள். நேர் இழுப்பை எத்தனை முறை தொடர்ந்து இழுக்க முடிகிறது, உருளையின் தாழ் எந்த விரலுக்கு வேலை வைக்கிறது, காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பியை உள்ளங்கையால் அழுத்தினால் போதுமா, காலை ஆறு மணிக்கும் இதெல்லாம் முடிகிறதா என்று சொன்னால் எனக்குப் பேருதவி.