கையெழுத்துப் போட்ட சலானுக்கே மதிப்பில்லை

"வாங்குபவரும் சப்ளையரும் கூட்டாளிகள், நம்பிக்கைதான் மூலதனம்" என்கிறது தொழில் உறவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. உதாரணம் டொயோட்டா. 1997 பிப்ரவரியில் அதற்குப் பிரேக் வால்வு சப்ளை செய்த ஐசின் கம்பெனியின் ஆலை எரிந்து, வால்வு இல்லாமல் கார் உற்பத்தி லைன் நின்றபோது, சிறு கம்பெனிகள்கூட விலை பேசாமல் வால்வு செய்து கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தச் செலவை ஐசின் பிறகு ஏற்றுக்கொண்டது. அதையும் எழுதியிருக்கலாம்.

நான் திருப்பூரில் பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின்கள்) வைத்து ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தையல், செய்கிறவன். துணி எக்ஸ்போர்ட்டருடையது, ரேட்டும் தேதியும் அவர்கள் சொல்வது. போன தீபாவளிக்கு முன்னால் 8,000 டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தேன். பில் போட்டதும் 140 பீஸ் குறைகிறது என்று, அதற்கான பணத்தைப் பில்லில் பிடித்து டெபிட் நோட் வந்தது. அவர்கள் ஆளே எண்ணிக் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலானைக் காட்டினேன். "அதை விடுங்கண்ணா, அடுத்த ஆர்டர் வேணுமா வேண்டாமா?" என்றார் எக்ஸ்போர்ட்டரிடம் ஆர்டர் வேலையைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர். என் மகன் வயசு இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ல் வந்த சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுத்துவிட்டு அதே கேட்டில் மறுநாள் யார் போய் நிற்பது?

எக்ஸ்போர்ட்டரை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. 2020 கொரோனாவில் வெளிநாட்டு பிராண்டுகள் தைத்து முடித்த சரக்கையே கேன்சல் செய்தன. எக்ஸ்போர்ட்டர்கள் வாங்கிய அடி எங்கள் கூலியில் இறங்கியது.

அந்த 140 பீஸ் பணம் இன்னும் வரவில்லை. அடுத்த லாட் துணி நேற்று வந்து இறங்கியிருக்கிறது.