கைகளை மட்டுமே நம்பித் துடுப்புப் போடுகிறவர்களுக்கும் அந்தப் படகு வேண்டும்

பூஜா ஓஜா என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் ஊர்க்காரர். 2022-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். பாரா கேனோவில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் படகுப் போட்டியில், இந்தியாவுக்கு அந்த அளவில் கிடைத்த முதல் பதக்கம் அது. இரண்டு வருடம் கழித்து பாரிஸ் பாராலிம்பிக்குக்கும் போனார். ஆனால் எந்தப் பிரிவில் உலக அளவில் வெள்ளி வாங்கினாரோ, அந்தப் பிரிவே பாராலிம்பிக்கில் கிடையாது. வேறு வகைப் படகில் ஏறித்தான் அங்கே போட்டியிட வேண்டியிருந்தது.

ரொம்ப நாளாக என்னை உறுத்துகிற விஷயம் இது. விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அநியாயம் எங்கே இருக்கிறது என்பது புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாரா கேனோவில் இரண்டு வகைப் படகுகள். ஒன்று கயாக். துடுப்பின் இரண்டு முனையிலும் தட்டு இருக்கும். இடதும் வலதும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இன்னொன்று வாஆ. பசிபிக் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓட்டிவரும் படகு. அதற்கு ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு மிதவை, படகோடு குறுக்குக் கட்டைகளால் இணைத்திருக்கும். துடுப்புக்கு ஒரே தட்டு. சுக்கான் கிடையாது, படகை நேராக வைத்திருப்பதும் துடுப்பின் வேலைதான். எந்தப் படகானாலும் தூரம் 200 மீட்டர்.

வீரர்களை உடலின் இயக்கத்தைப் பார்த்து மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். உட்காரவைத்து இடுப்பும் முதுகும் எவ்வளவு அசைகின்றன என்று சோதிப்பார்கள், கால் சோதனை உண்டு, பிறகு தண்ணீரில் துடுப்புப் போடச் சொல்லியும் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பில் முதுகு நன்றாக இயங்கும், காலும் ஓரளவு உதவும். இரண்டாம் வகுப்பில் முதுகு பாதிதான். முதல் வகுப்பில் இருப்பவர்களுக்குத் தோளும் கையும் மட்டும்தான்.

பாரிஸில் மொத்தம் 10 பதக்கப் போட்டிகள். கயாக்கில் மூன்று வகுப்புக்கும் ஆண், பெண் என்று 6. வாஆவில் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு மட்டும் 4. வாஆவின் முதல் வகுப்பு ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. பூஜாவின் வெள்ளி அந்த வகுப்பில் வாங்கியது.

துடுப்புப் போடுவது கைவேலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, எதிரே இருக்கிற கனமான மேசையைத் தள்ளிப் பாருங்கள். கால் ஊன்றாமல் கைக்கு எவ்வளவு பலம் வருகிறது என்று உடனே தெரிந்துவிடும். படகிலும் அதேதான். கால் மிதிக்கும், இடுப்பு திரும்பும், முதுகு முறுக்கி விடும், அந்த விசைதான் கை வழியாகத் தண்ணீருக்குப் போகிறது. முதல் வகுப்பு வீரர்களுக்கு இவற்றில் கடைசிக் கண்ணி மட்டுமே கையில் இருக்கிறது. உயரமான முதுகுச் சாய்மானத்தோடு சேர்த்து உடம்பைப் பட்டையால் கட்டிக்கொண்டு, தோளிலிருந்து மட்டுமே இழுக்கிறார்கள். படகு கவிழ்ந்தால் அந்தப் பட்டை உடனே கழன்று வர வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் இழுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்குப் போகிறார்கள்.

போட்டிக்கு முன்னால் மிதவை மேடையைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பலரைத் துணைக்கு வந்தவர்கள் வீல்சேரிலிருந்து தூக்கிப் படகில் இறக்குகிறார்கள். செயற்கைக் கால் அணிந்தவர் அதைக் கழற்றி மேடையிலேயே வைத்துவிட்டு இறங்குகிறார். படகில் உட்கார்ந்த பிறகு சிலருக்கு இடுப்பை லேசாக அசைத்தே படகை நிலைப்படுத்த முடிகிறது. முதல் வகுப்பில் இருப்பவருக்கு அது முடியாது. கயாக்கில் ஒவ்வொரு துடுப்புக்கும் படகு ஆடும்; அந்த ஆட்டத்தையும் கையாலேயே அடக்கியாக வேண்டும். அதற்காகத்தான் பாரா கயாக்கின் அகலம் 50 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். வாஆவில் அந்தச் சமநிலையை மிதவை பார்த்துக்கொள்கிறது. சுக்கான் இல்லாமல் கையால் மட்டும் நேராக ஓட்டுவது அதிலும் பாடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் முதுகு துணைக்கு வராத உடம்புக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிற படகு எது என்றால் நான் வாஆ என்றுதான் சொல்வேன். அதைத்தான் அவர்களுக்குத் தராமல் வைத்திருக்கிறோம்.

படகைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிராச்சி யாதவ் இருக்கிறார். குவாலியரில் பாரா நீச்சல் வீராங்கனையாக இருந்தவர், நீளமான கைகளைப் பார்த்து பயிற்சியாளர் சொன்னதால் படகுக்கு மாறினார். போபாலில் பயிற்சி. டோக்கியோவில் பாராலிம்பிக் பாரா கேனோவில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர்தான். இரண்டாம் வகுப்பு என்பதால் அவருக்கு இரண்டு படகும் உண்டு. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம், வாஆவில் வெள்ளி. டோக்கியோவிலும் பாரிஸிலும் வாஆவில் இறுதிப்போட்டி வரை போய் 8-வது இடம். ("எட்டாவதுதானா?" என்று கேட்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: பாராலிம்பிக் இறுதிப்போட்டியின் தொடக்கக் கோட்டுக்கு இரண்டு முறை வந்து நின்றவர் அவர்.) எந்தப் படகில் தனக்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்து இறங்குகிற உரிமை பிராச்சிக்கு இருந்தது. பூஜாவுக்கு இல்லை. பாரிஸில் கயாக் முதல் வகுப்பில்தான் அவர் இறங்கினார்.

இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கர்ட்டிஸ் மெக்ரா ராணுவத்தில் இருந்தபோது 2012-இல் ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து இரண்டு கால்களையும் இழந்தவர். வாஆவில் உலக சாம்பியன் ஆனார். பாரா கேனோ முதன்முதலாக பாராலிம்பிக்குக்கு வந்தது 2016 ரியோவில். அங்கே வாஆ கிடையாது என்று முடிவானதும் கயாக்குக்கு மாறி, அதில் தங்கமும் வாங்கினார். டோக்கியோவில் வாஆ சேர்ந்தபோது அதிலும் தங்கம். அருமையான வீரர், எனக்கு மிகவும் பிடித்தவரும்கூட. ஆனால் அவர் கதையைக் காட்டி "பார், மாறிக்கொள்ளலாமே" என்று முதல் வகுப்பு வீரர்களிடம் சொல்வது சரியில்லை. மெக்ராவுக்கு முதுகைத் திருப்ப முடியும். அது இல்லாதவர்கள் கயாக்குக்கு மாறும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

போட்டியிட ஆள் இல்லையே, சில நாடுகள் மட்டும் வருகிற பிரிவுக்கு எப்படிப் பதக்கம் வைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் வகுப்பில் ஆட்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் ஏன் குறைவு? பாராலிம்பிக்கில் இல்லாத பிரிவுக்கு எந்த அரசு பணம் ஒதுக்கும்? எந்தப் பயிற்சியாளர் நேரம் ஒதுக்குவார்? ஒரு முதல் வகுப்பு வீரருக்குத் தனியாக இருக்கை செய்ய வேண்டும், தூக்கி இறக்க ஆள் வேண்டும், பக்கத்திலேயே பாதுகாப்புப் படகு வேண்டும். செலவு அதிகம் பிடிக்கிற இவர்களுக்குப் பதக்க வாய்ப்பையும் எடுத்துவிட்டால் யார் வருவார்கள்? பெண்களுக்கான வாஆ மூன்றாம் வகுப்பு டோக்கியோவில் இல்லை, பாரிஸில் சேர்த்தார்கள். மனம் வைத்தால் முடியும்.

என்னுடைய எதிர்பார்ப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. உலக சாம்பியன்ஷிப்பில் வாஆ முதல் வகுப்பு இருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் கைவிடக் கூடாது. அதில் பதக்கம் வாங்கிய நாடு என்ற முறையில், பாராலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லி இந்தியாதான் முதலில் எழுத வேண்டும். இங்கே நடக்கும் தேசியப் போட்டிகளிலும், இரண்டு பேர் வந்தாலும் சரி, ஆண், பெண் இருபாலருக்கும் அந்தப் பிரிவை நடத்த வேண்டும். மாநில அரசுகள் பதக்கத்துக்குப் பரிசுத் தொகை அறிவிக்கும்போது, பாராலிம்பிக் பிரிவா இல்லையா என்று பார்த்துத் தட்டிக்கழிக்காமல், உலக சாம்பியன்ஷிப் பதக்கத்துக்கும் உரிய மரியாதை தர வேண்டும். அப்புறம் விளையாட்டுச் செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பூஜாவைப் பேட்டி எடுக்கும்போது அவருடைய கஷ்டக் கதையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் படகில் போட்டியிட ஆசை என்று கேளுங்கள், பதிலைத் தலைப்பில் போடுங்கள்.